ஊருக்கு உழைப்பவர்களுக்கு விருது: வாசகர் கேள்வி - பதில்

எங்கள் இளைஞர் மன்றம் சார்பில் ஊர்த் தொண்டர்களுக்கு விருது தரப்போகிறோம். மனக்கசப்பு வராமல் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?
- வாசகர், பென்னாகரம்

பணம் கொடுத்தவரையும் பாடுபட்டவரையும் ஒரே பட்டியலில் வைப்பதால்தான் பெரும்பாலும் பிரச்சினை கிளம்புகிறது. ஏரி தூர்வார ஜேசிபிக்கு டீசல் போட்டவருக்கு மேடையில் நன்றி சொல்லுங்கள். விருது, வெயிலில் நின்று சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்தவருக்கு. இதை முதல் நோட்டீஸிலேயே அச்சிட்டுவிடுங்கள். பிறகு சேர்த்தால், யாரையோ கழற்றிவிடத்தான் என்று பேச்சு வரும்.

விழாவுக்குப் பத்து வாரம் முன்பே பரிந்துரைப் படிவம் போக வேண்டும். ஒரு பக்கம் போதும்: பெயர், செய்யும் வேலை, எத்தனை காலமாக, நேரில் பார்த்த இருவரின் செல்போன் எண். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் அதே பத்துப் பேர்தான் வருவார்கள். ரேஷன் கடை, பால் சொசைட்டி, மகளிர் குழுக் கூட்டம் என்று கையில் கொடுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பெண்களின் பெயர்கள் அப்போதுதான் வெளியே வரும்.

தேர்வுக் குழுவுக்கு ஐந்து பேர்; இருவராவது பெண்கள், ஒருவர் பக்கத்து ஊர்க்காரர். உறவினர் பெயர் வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். நூறு மதிப்பெண்ணில் தொடர்ச்சிக்கு 40, பலனுக்கு 30, மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டதற்கு 30 வைக்கலாம். மரக்கன்று நட்டதாகச் சொன்னால் நேரில் போய் எண்ணுங்கள். நட்ட கணக்கு வேண்டாம், கோடையைத் தாண்டிய கன்றுதான் கணக்கு. பாத்தி கட்டி, முள் அடைத்து, குடத்தில் தண்ணீர் ஊற்றியிருந்தால் அடிமண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

அதிக முறை ரத்ததானம் செய்தவருக்கு விருது கொடுக்கலாமா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

கொடுக்கலாம், ஆனால் எண்ணிக்கை ஒன்றையே அளவாக்காதீர்கள். முழு ரத்தம் கொடுக்க ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். ஆகவே வெறும் எண்ணிக்கையில் பெண்கள் பின்தங்கித்தான் போவார்கள். எண்ணிக்கைப் போட்டி வைத்தால் சிலர் இடைவெளியை மறைத்துக் கொடுக்கவும் துணிவார்கள். அது அவர்கள் உடம்புக்குத்தான் கேடு. நடுராத்திரியில் போன் அடித்து, வண்டி பிடித்து, ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பவருக்கும் ஒரு விருது வையுங்கள். ரத்தம் பெற்றவரைச் சம்மதம் கேட்காமல் மேடை ஏற்ற வேண்டாம்.

விழாவை எப்போது வைப்பது?
- வாசகர், ஓசூர்

டிசம்பர் 5 பொருத்தமான நாள். 1985இல் ஐ.நா. பொதுச்சபை அதைத் தன்னார்வலர் தினமாக அறிவித்தது. மே முதல் ஜூலை வரை வேண்டாம். கிருஷ்ணகிரிப் பக்கம் பாதிப் பேர் மாங்காய் மண்டியிலும் தோப்பிலும் இருப்பார்கள். காலையில் வைத்தால் கூலி வேலைக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகும்.

சான்றிதழ் அச்சாகும் முன் ஒரு நகலைக் காட்டி அவரிடமே பெயரைச் சரிபாருங்கள். தெலுங்கு, கன்னடப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது தவறு சுலபமாக நேரும். 'சிறந்த சேவை' என்று பொதுவாகப் போடாமல், அவர் செய்த வேலையை ஒரு வரியில் எழுதுங்கள். சிறப்பு விருந்தினர் பேச்சுக்கு முன்பே விருதுகளைக் கொடுத்துவிடுங்கள். மாடு கறக்கப் போக வேண்டியவர்கள் அதில் இருப்பார்கள்.