கோத்தகிரியில் புது வீடு: யூபிவிசி ஜன்னலுக்கு எப்போது அளவு எடுப்பது?

ஜன்னல் ஓட்டைகளுக்கு மேலே லிண்டில் (கான்கிரீட் பட்டை) போட்டாயிற்று, பூச்சு இன்னும் ஆரம்பிக்கவில்லை, இப்போதே ஜன்னல் ஆர்டர் கொடுத்தால் நாள் மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்காதீர்கள். மர நிலை என்றால் சுவர் எழும்பும்போதே நிறுத்திக் கட்டிவிடலாம், நிலைக்கு ஏற்றபடி சுவர் வரும். யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் தலைகீழ்: முடிந்த ஓட்டைக்கு ஏற்றபடிதான் ஃப்ரேம். பூச்சு பக்கத்துக்கு 12 முதல் 15 மி.மீ. தின்றுவிடும். கீழே 18 மி.மீ. கிரானைட்டும் அதற்கடியில் கலவையும் சேர்ந்து உயரத்தில் ஒன்றரை அங்குலம் போய்விடும். ஓட்டையின் உள்பக்கப் பூச்சு, கீழ்க்கல் இரண்டும் முடிந்த பிறகே கடைசி அளவு. விலைக்காகத் தோராய அளவு இப்போது கொடுக்கலாம், தயாரிப்புக்குக் கையெழுத்து மட்டும் வேண்டாம்.

இப்போது கொத்தனாரிடம் சொல்ல வேண்டியவை இரண்டு. 4 அடி அகல ஜன்னலுக்கு 4 அடி 1 அங்குலம் விடச் சொல்லுங்கள். ஹாலோ பிளாக் சுவர் என்றால் ஓட்டையை ஒட்டிய பிளாக்குகளின் குழிகளில் கான்கிரீட் நிரப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஃப்ரேமைச் சுவரோடு இறுக்கும் ஃபாஸ்ட்னர் (திருகு) பிடிக்காமல் சுற்றும்.

அளவு எடுக்கும்போது அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் பாருங்கள், உயரத்தையும் அப்படியே. 1212, 1208, 1215 வந்தால் கணக்கு 1208. அதில் 10 கழித்து ஃப்ரேம் 1198, பக்கத்துக்கு 5 மி.மீ. சந்து. மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் 10 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் ஃப்ரேமைச் சுருக்காமல் பூச்சைத் திருத்தச் சொல்லுங்கள். எல்லாம் மில்லிமீட்டரிலேயே எழுதுங்கள். ‘3 அடி 11 அங்குலம் 2 நூல்’ என்று போனில் சொல்லி, கேட்டவர் ஒரு நூலை விட்டால் 3 மி.மீ. போச்சு. ஜன்னல் மலையேறி வந்த பிறகு பொருந்தாவிட்டால் இன்னொரு வண்டி வாடகை.

மலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. குளிருக்காக, நடுவில் காற்றை அடைத்துச் சீல் செய்த இரட்டைக் கண்ணாடி போடுவதானால், அது எந்த உயரத்தில் சீல் செய்யப்படுகிறது என்று கேளுங்கள். கோவையில் அடைத்த காற்றை 1800 மீட்டருக்கு ஏற்றினால், இங்கே வெளிக்காற்றழுத்தம் சுமார் 15 சதவீதம் குறைவு. உள்ளிருக்கும் காற்று விரிந்து கண்ணாடி புடைக்கும், சீல் விடும், நடுவில் பனி படியும். பிறகு துடைக்க வழியே இல்லை. காற்றழுத்தம் சமமாக மெல்லிய குழாய் வைத்துத் தருவார்களா என்று ஆர்டருக்கு முன்பே பேசுங்கள்.

மாட்டும் நேரம்: பட்டி, பிரைமர், முதல் கோட் முடிந்து, கடைசி கோட்டுக்கு முன். கோத்தகிரிக்குப் பெருமழை அக்டோபரில் வடகிழக்கோடு வரும், செப்டம்பர் கடைசிக்குள் ஓட்டைகள் அடைபட வேண்டும். கம்பெனி சொல்லும் தயாரிப்பு நாளோடு ஒரு வாரம் கூட்டிப் பின்னோக்கி எண்ணுங்கள். குளிரில் பூச்சு மெதுவாகத்தான் காயும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுகிறவர் பக்கத்தில் நில்லுங்கள். மூலையிலிருந்து 150 முதல் 200 மி.மீ. தள்ளி முதல் ஃபாஸ்ட்னர், அடுத்தடுத்து 600 மி.மீ.க்குள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவே செருகும் பேக்கிங் துண்டு இருக்கட்டும். அது இல்லாமல் முடுக்கினால் ஃப்ரேம் சுவரை நோக்கி வளைந்து கதவு இடிக்கும். சந்தை நிரப்பும் ஃபோமை அமுக்கி அடித்தால் அதே வளைவு உள்பக்கமாக. சுவர் மூடுபனியில் நனைந்திருக்கும் காலையில், ஓரச் சந்தை அடைக்கும் சிலிக்கான் ஒட்டாது. துடைத்து, வெயில் பட்ட பிறகு போடச் சொல்லுங்கள். அதன் மேல் பெயிண்டும் ஒட்டாது, பெயிண்ட் ஏற்கும் சீலன்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

ஃப்ரேமின் வெளிப்பக்கம் கீழே சின்னச் சின்ன நீள்துளைகள் இருக்கும், மழைநீர் வடிவதற்கு. ‘சந்து தெரியுது’ என்று அதையும் சிலிக்கானால் அடைக்கிறவர்கள் உண்டு. அடைத்தால் தண்ணீர் உள்ளே வழியும். ஒரு குவளைத் தண்ணீரைக் கீழ் டிராக்கில் ஊற்றி, வெளியே வருகிறதா என்று பார்த்த பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.