பதினோரு பேருக்கு ஓர் ஆராதனையா?

கேள்வி: ஆசிரியர் ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். வண்டிப்பெரியாற்றுக்கு அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் தமிழ்ச் சபை இருக்கிறது. தாத்தா காலத்தில் கோயில் நிறைய ஆள் இருந்ததாம். இப்போது ஞாயிறு ஆராதனைக்குப் பதினோரு பேர் வருகிறோம். ஆண்கள் மூன்று பேர்தான், மற்றவர்களெல்லாம் பெண்கள். போதகர் மாதம் ஒருமுறை வருகிறார். வாலிபர்கள் மலையடிவாரத்துக் கம்பம் ஊரில் இருக்கும் பெரிய ஜெபக்கூடத்துக்கு ஜீப் பிடித்துப் போகிறார்கள். "கர்த்தர் அங்கேதான் அசைவாடுகிறார், இங்கே என்ன இருக்கிறது?" என்கிறார்கள். இரண்டு மூன்று பேர் கூடினாலும் நடுவிலே இருக்கிறேன் என்கிற மத்தேயு 18:20-ஐக் காட்டினால் சிரிக்கிறார்கள். கோயிலைப் பூட்டிவிட்டு நாங்களும் அங்கே போய்விடுவதா? (காணிக்கைக் கணக்கில் ஏற்பட்ட பேச்சால் மனம் கசந்து ஒரு குடும்பம் சென்ற ஆண்டிலிருந்து வருவதில்லை. அவர்களும் வந்தால் பதினாறு பேர் ஆவோம்.)

பதில்: உங்கள் கோயிலில் ஆள் குறைந்ததற்கு முதல் காரணம் தேயிலை விலை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலை சரிந்து, பீர்மேடு வட்டாரத்தில் தோட்டம் தோட்டமாக மூடினார்கள். சம்பளம் நின்றது, லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த குடும்பங்கள் குமுளி இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போயின. அதை விசுவாசக் குறைவு என்று யாராவது பிரசங்கித்தால், அவர் ஒருநாள் கொழுந்துக் கூடை சுமந்து பார்க்கட்டும்.

"ஆண்கள் மூன்று பேர்தான்" என்ற வரிக்கு என்ன பொருள், சகோதரரே? எட்டுப் பெண்களை அரை ஆளாகக் கணக்கிடுகிறீர்களா? யூத வழக்கப்படி பொது ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும். பிலிப்பி பட்டணத்துக்குப் பவுல் வந்தபோது ஓய்வுநாளில் அவர் போன இடம் ஆற்றங்கரை. அங்கே கூடியிருந்தவர்கள் பெண்கள், அந்தப் பத்துக் கணக்கில் சேராதவர்கள். தரிசனத்தில் ஒரு மக்கெதோனியா மனுஷன் கூப்பிட்டுத்தான் கடல் தாண்டி வந்தார். வந்த இடத்தில் ஒரு மனுஷனும் காத்திருக்கவில்லை. திரும்பிக் கப்பல் ஏறினாரா? உட்கார்ந்து பேசினார் என்கிறது அப்போஸ்தலர் 16. இரத்தாம்பரம் விற்ற லீதியாளின் இருதயம் திறந்தது அந்த உட்கார்ந்த பேச்சில்தான்.

இப்படிப்பட்ட இடங்களில் நம் பிரசங்கிமார் ஒரு வேலை செய்வார்கள். உங்கள் கேரளத்து மாராமண் கன்வென்ஷனையே எடுத்துக்கொள்வார்கள். 1895 முதல் பம்பை ஆற்று மணலில் பிப்ரவரி தோறும் கூடுகிற மாபெரும் கூட்டம் அது. அதை நடத்துகிற மார்த்தோமா சுவிசேஷ சங்கம் 1888-இல் தொடங்கியபோது பன்னிரண்டே பேர். "பார்த்தீர்களா, சிறிய ஆரம்பம்!" என்று சொல்லி நம்மைத் தேற்றுவார்கள். எனக்கு இந்த ஆறுதல் பிடிப்பதில்லை. அந்தப் பன்னிரண்டு பேர் கடைசிவரை பன்னிரண்டு பேராகவே இருந்து இறந்திருந்தால், அவர்கள் நடுவில் கர்த்தர் இல்லாமல் போயிருப்பாரா? பின்னால் பெருகியதைக் காட்டிச் சிறிய கூட்டத்துக்கு மதிப்புத் தேடுவதும் தலை எண்ணும் வேலைதான். நாளைக்கு உங்கள் பதினொன்று ஏழாகலாம். அப்போதும் ஆராதனை ஆராதனைதான்.

வாலிபர்கள் கம்பத்துக்குப் போகட்டும். பெரிய கூட்டத்தில் பாடுவதற்கு ஓர் உற்சாகம் உண்டு. பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் சேர்ந்ததை வேதம் ஒளிக்கவில்லை. அவர்கள்மேல் பொறாமைப்படாதீர்கள். சிறியதாக இருப்பதாலேயே நாம் பரிசுத்தவான்கள் என்ற மிதப்பும் வேண்டாம். அது இன்னும் மோசமான நோய்.

ஆனால் அவர்களிடம் நீங்கள் காட்டிய வசனத்தை, அந்த அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்து ஒருமுறை வாசித்தீர்களா? மத்தேயு 18 முழுவதும் எண்கள்தான். நூறு ஆடுகளில் தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப் போகிறான் மேய்ப்பன். மஸ்டர் எடுக்கிற, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற, எந்தக் கங்காணியும் இப்படிச் செய்யமாட்டான். அடுத்து, "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால்" தனியாகப் போய்ப் பேசு; கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் "இரண்டு பேராவது மூன்று பேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்" என்கிறார் இயேசு. உடனே பேதுரு, எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழு தரமா என்று கணக்குக் கேட்கிறார். ஏழெழுபது தரம் என்று பதில் வருகிறது.

வருகைப் பதிவு குறைந்த சபைக்கு மருந்தாகப் பேசிய வசனம் அல்ல அது. சண்டைபோட்ட இருவர் உட்கார்ந்து பேசுகிற இடத்தில், "நானும் இருக்கிறேன்" என்று அவர் கொடுத்த வாக்கு. நீங்களோ சண்டையை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாலிபர்களிடம் போயிருக்கிறீர்கள். அவர்கள் சிரித்ததில் ஆச்சரியமில்லை. அந்தக் கணக்குத் தகராறு லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். "அவர்களும் வந்தால் பதினாறு பேர் ஆவோம்" என்ற வரியையும் பாருங்கள். அந்தக் குடும்பம் உங்களுக்கு ஐந்து தலைகளாகத்தான் தெரிகிறது.

கம்பத்துக் கூடத்தில் ஒரு குடும்பம் வராமல் போனால் நாற்காலி காலியாவதுகூடத் தெரியாது. உங்கள் கோயிலில் பெஞ்சே காலியாகத் தெரிகிறது. சிறிய சபையின் வசதியும் சங்கடமும் அதுதான்: தப்பித்துக்கொள்ள இடமில்லை. ஓராண்டாக நீங்கள் எப்படியோ தப்பித்திருக்கிறீர்கள்.

திருவிருந்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். துரைமார் மலைக்குக் கொண்டுவந்த 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம், இருபது பேருக்கு மேல் இல்லாத சபையில்கூடக் குருவோடு பந்தியில் சேர மூன்று பேராவது இருந்தால் போதும் என்கிறது. ஆகவே ஆள் போதாது என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். போதகர் வராத ஞாயிறுகளில் வேதம் வாசிக்க, ஜெபிக்க அந்த எட்டுப் பெண்களில் யாராவது முன்னால் நிற்கட்டும்.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிறுக்குள் அந்த வீட்டுக்குப் போங்கள். முதலில் தனியாக. ஆராதனைக்கு வாருங்கள் என்று அழைக்காதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்காதீர்கள். காணிக்கைக் கணக்குப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய் அவர்கள் முன்னால் விரித்து வையுங்கள். கோயிலைப் பூட்டுவதைப் பற்றி அதற்குப் பிறகு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.