டேவிட் லெட்டர்மேனின் 1980 காலை நிகழ்ச்சி அவ்வளவு மோசமா?

கேள்வி: அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேன் இரவு நிகழ்ச்சிக்கு வருவதற்கு முன் காலையில் ஒன்று நடத்தி, சில மாதங்களிலேயே மூட வேண்டியதாயிற்றாமே? அது அவ்வளவு மோசமா? பழைய ரசிகர்கள் ஏன் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்?

மோசம் இல்லை. யூடியூபில் பத்து நிமிடத் துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டு, கீழே யாரோ "படுதோல்வி" என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நிகழ்ச்சியைப் பார்க்காதவர்கள் அப்படி எழுதிவிட்டுப் போவதை என்னால் சும்மா விட முடியவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1980 ஜூன் 23, திங்கட்கிழமை காலை 10 மணிக்கு அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. நியூயார்க் ராக்ஃபெல்லர் பிளாசாவில் உள்ள 6ஏ ஸ்டுடியோவிலிருந்து நேரலை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 90 நிமிடம். அக்டோபர் 24 வெள்ளிக்கிழமை கடைசி நாள். மொத்தம் 18 வாரம்.

அந்த 90 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். 'ஹாலிவுட் ஸ்கொயர்ஸ்', 'ஹை ரோலர்ஸ்', 'செயின் ரியாக்‌ஷன்' ஆகிய மூன்று அரை மணி நேர விளையாட்டு நிகழ்ச்சிகளை (பரிசுக்காகப் போட்டியிடும் 'கேம் ஷோ'க்கள்) அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டு இதைப் போட்டார்கள். 'ஹாலிவுட் ஸ்கொயர்ஸ்' 1966 முதல் ஓடியது. வீட்டு வேலைக்கு நடுவில் பதினான்கு வருடமாக அதைப் பார்த்துப் பழகியவர்கள் முன்னால், முப்பத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் வந்து உட்கார்ந்து, சிறு ஊர்ப் பத்திரிகைகளின் விசித்திரமான செய்திகளைப் படித்துக் காட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள்? சேனலை மாற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தவறு அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுடையது.

அடுத்தது நம்மூர் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடாத விஷயம். அமெரிக்காவில் என்.பி.சி. நிகழ்ச்சியைத் தயாரித்து அனுப்பும், அவ்வளவுதான். ஒவ்வொரு நகரத்திலும் அதை ஒளிபரப்புவது பெரும்பாலும் வேறு முதலாளிகளின் நிலையங்கள். வேண்டாம் என்று தோன்றினால் அந்த நிலையம் அதை விட்டுவிட்டு, சொந்த நிகழ்ச்சியையோ பழைய தொடரின் மறு ஒளிபரப்பையோ போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போட்டால் விளம்பர வருமானத்தில் பெரும்பங்கு அவர்களுக்கே. லெட்டர்மேன் நிகழ்ச்சியைச் சில நிலையங்கள் கைவிட்டன. ஒரு நகரம் கைவிட்டால் அங்கே விரும்பிப் பார்ப்பவரும் பார்க்க முடியாது. ஆகவே தேசிய எண்ணிக்கை இறங்கும். எண்ணிக்கை இறங்கினால் விளம்பர விலை இறங்கும், அதைப் பார்த்து அடுத்த நிலையமும் கழன்றுகொள்ளும். இந்தச் சுழலில் மாட்டிய நிகழ்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மீள்வது கடினம்.

ஆகஸ்ட் 4 முதல் 60 நிமிடமாகக் குறைத்தார்கள். அந்தச் சமயத்தில் 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' என்ற விளையாட்டு நிகழ்ச்சி நிறுத்தப்படும் பட்டியலில் இருந்தது. லெட்டர்மேனிடமிருந்து அரை மணி நேரம் பிடுங்கப்பட்டதால்தான் அது தப்பியது.

"பின்னாளில் இரவில் ஜெயித்ததால் இப்போது காலை நிகழ்ச்சியையும் தூக்கிப் பிடிக்கிறீர்கள்" என்று இதற்குக் கீழே ஒருவர் நிச்சயம் எழுதுவார். அவருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: 1981இல் பகல்நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான எம்மி விருதுகளில் தொகுப்பாளருக்கும் எழுத்துக்கும் இரண்டு விருதுகளை வாங்கியது இந்த நின்றுபோன காலை நிகழ்ச்சி. இரவு நிகழ்ச்சி தொடங்கியது 1982 பிப்ரவரி 1. அதற்கு முன்பே தரம் தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிறுத்திய பிறகும் அவர் வேறு பக்கம் போய்விடாமல் என்.பி.சி. சம்பளம் கொடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. பாப் ஸ்டூவர்ட் என்ற தயாரிப்பாளர், விளையாட்டு நிகழ்ச்சிகளில் பெரிய ஆள், ஒளிபரப்பு தொடங்கும் முன்பே விலகிவிட்டார். பாரி சாண்ட் வந்து பொறுப்பேற்றார். ஆரம்ப வாரங்களில் நிறையப் பேர் வந்து வந்து போகிறார்கள். எட்வின் நியூமன் நடுவில் செய்தி வாசிக்கிறார், நகைச்சுவையின் ஓட்டம் அங்கே அறுபடுகிறது. வாரத்துக்கு ஏழரை மணி நேரம் நேரலையில் நிரப்புவது யாராலும் ஆகாத காரியம். இரவு நிகழ்ச்சி ஆரம்பத்தில் வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், அதுவும் மாலையில் பதிவு செய்து நள்ளிரவுக்கு மேல் போட்டது. கிட்டத்தட்டப் பாதி வேலை.

ரசிகர்கள் விடாமல் பேசுவதற்குக் காரணம், பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்தது. தலைமை எழுத்தாளர் மெரில் மார்கோ. வீட்டு நாய், பூனை செய்யும் அசட்டு வித்தைகளை மேடையேற்றும் 'ஸ்டுப்பிட் பெட் ட்ரிக்ஸ்' அவருடைய யோசனை, இந்தக் காலை நிகழ்ச்சியில்தான் முதலில் வந்தது. வீட்டில் தினமும் செய்யும் வித்தையை விளக்கையும் கூட்டத்தையும் பார்த்த நாய் செய்ய மறுக்கும், உரிமையாளர் மண்டியிட்டுக் கெஞ்சுவார், லெட்டர்மேன் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். வித்தை பலித்தாலும் பலிக்காவிட்டாலும் அந்தப் பகுதி நிற்கும், அப்படி அமைத்திருக்கிறார் மார்கோ. நகைச்சுவைக் கலைஞர் ஆண்டி காஃப்மன் தலை கலைந்து, மூக்கு ஒழுக வந்து உட்கார்ந்து, தன் கஷ்டங்களைச் சொல்லி, சிரிக்கிறவர்களிடம் சிரிக்க வைக்க வரவில்லை என்று சொல்லிவிட்டு, பார்வையாளர்களிடம் காசு கேட்டதும் இங்கேதான். காலை பத்து மணிக்கு!

தேடிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. "1980 காலை நிகழ்ச்சி" என்று தலைப்பிட்டு ஏற்றப்படும் துண்டுகளில் பல 1982க்குப் பிந்தியவை. ஸ்டுடியோவும் அதே 6ஏ, இயக்குநர் ஹால் கர்னியும் பொது, அதனால் குழப்பம் வருகிறது. இசைக்குழுவைப் பாருங்கள்: ஃபிராங்க் ஓவன்ஸ் என்றால் காலை, பால் ஷாஃபர் என்றால் இரவு. நடுவில் எட்வின் நியூமன் செய்தி வந்தால் சந்தேகமே வேண்டாம், காலை. மல்யுத்த வீரர் ஜெர்ரி லாலர் காஃப்மனை அறைவது 1982 இரவு நிகழ்ச்சி. அதைக் காலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். இந்தப் பதிவுகளில் பல, வீட்டு வி.எச்.எஸ். டேப்பில் யாரோ பதிந்து வைத்ததால் பிழைத்தவை. டி-120 டேப்பில் எஸ்.பி. என்னும் வழக்கமான வேகத்தில் இரண்டு மணி நேரம் பிடிக்கும், எழுத்தும் முகமும் ஓரளவு தெளிவாக இருக்கும். டேப் மிச்சம் பிடிக்க ஆறு மணி நேர வேகத்தில் பதிந்திருந்தால் படம் மங்கித்தான் இருக்கும். அது போகட்டும். நல்ல பதிவையும் 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்து எல்லோரையும் குள்ளமாக்கி ஏற்றுகிறார்களே, அதுதான் தாங்கவில்லை. இன்னும் சிலர் மேலும் கீழும் வெட்டுகிறார்கள். டேப்பில் வினாடிக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்கள் (ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் கொண்டவை) இருக்கும். கணினிக் கோப்பாக மாற்றும்போது அதை 30 முழுப்படமாகச் சுருக்கினால் நேரலைக்கே உரிய வழுக்கலான அசைவு போய்விடும், 60 ஆகவே வைக்க வேண்டும். படத்தின் அடியில் நெளியும் கோடு டேப்பைப் படிக்கும் ஹெட் மாறுவதால் வருவது, அதைக் கறுப்புப் பட்டையால் மறைத்தால் போதும். செயற்கை நுண்ணறிவால் "மெருகேற்றி" முகங்களை மெழுகாக்கியே தீருவேன் என்றால், மெருகேற்றாத மூலக் கோப்பையும் கூடவே ஏற்றிவிடுங்கள்.