வெட்டிய பெயரை விரலால் தடவிப் பாருங்கள்

கேள்வி: விடுமுறைக்குக் காரைக்குடி போகிறோம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல், பித்தளைச் சாமான்கள் வாங்க ஆசை. ஏமாறாமல் வாங்குவது எப்படி? பழைய சாமி சிலை கிடைத்தால் வாங்கலாமா?
– ஈரோடு வாசகி

பதில்: சிலை வேண்டாம். நூறு வயது தாண்டிய சிலை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். பதிவுச் சான்று வேண்டும். "பழைய வீட்டுச் சாமான்தாம்மா" என்று கடைக்காரர் சொல்வது சான்றாகாது. அது ஏதோ ஒரு கோயிலில் இருந்து பெயர்த்ததாக இருந்தால், போலீஸ் உங்கள் பூஜை அறைக்குத்தான் வரும்.

எனாமலுக்கு வருவோம். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடியை உருக்கிப் பூசியது அது. அடிபட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். தெறித்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதுவும் கடைக்குள் அல்ல, வாசல் வெளிச்சத்தில். பல வருஷம் புழங்கிய தூக்கில் வாய் விளிம்பும் கைப்பிடி உரசும் இடமும் தெறித்து, இரும்பு கறுத்து, ஓரம் மழுங்கியிருக்கும். அண்மையில் தட்டிப் பழசாக்கியது என்றால் கையே படாத இடத்திலும் தெறித்திருக்கும். ஓரம் விரலைக் கீறும். அடியையும் திருப்பிப் பாருங்கள். 'செக்கோஸ்லோவாகியா' முத்திரை இருந்தால் 1918க்கு முந்தியதாக இருக்க வழியே இல்லை. அந்த நாடு பிறந்ததே அந்த வருஷம்தான். நூற்றைம்பது வருஷத்துப் பொருள் என்று விலை சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

உள்பக்கம் தெறித்திருந்தால் மோர், புளிக்குழம்பு ஊற்றக் கூடாது, துரு இறங்கும். உள்ளே சிவப்பு, மஞ்சள் பூச்சு என்றால் சாப்பாட்டுக்கே வேண்டாம். அந்தக் காலத்து நிறங்களில் காட்மியம், காரீயம் என்ற நச்சு உலோகங்களைச் சேர்ப்பதுண்டு.

பித்தளைக்கு ஒரு சின்னக் காந்தம் போதும். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். பச்சைக் களிம்பைப் பார்த்து வயசைக் கணக்கிடாதீர்கள். அமிலம் வைத்தால் சில நாளில் ஏறிவிடும். பெயர் வெட்டிய பாத்திரமாகத் தேடுங்கள். சீர்ச் சாமானில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து, புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஆழம் குறைந்து, தடவினால் வழவழவென்று இருக்கும். புது வெட்டு நகத்தில் மாட்டும். குடம், அண்டா என்றால் தண்ணீர் நிரப்பிக் கால்மணி நேரம் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சமைக்க வாங்குகிறீர்கள் என்றால் உள்ளே வெள்ளீயம் பூசும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விலை பேசும் முன் பித்தளையை எடை போடச் சொல்லுங்கள். பழைய பித்தளை அன்றைக்குக் கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு பாத்திரக் கடையில் கேட்டு வைத்துக்கொண்டால், வேலைப்பாட்டுக்கும் வயசுக்கும் எவ்வளவு கேட்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். எனாமலுக்கு எடைக் கணக்கு கிடையாது. மூடியைச் சுற்றிப் பாருங்கள். தளர்ந்து ஆடினால் அது வேறு தூக்கின் மூடியாக இருக்கலாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

தேக்குத் தூணும் நிலைக்கதவும் மட்டும் கேட்காதீர்கள். நன்றாக நிற்கிற வீடுகளைக்கூட இடிப்பதற்கு, அந்தத் தூணையும் கதவையும் வாங்க ஆள் வருவதும் ஒரு காரணம்.