கடல்நீரில் குளிரும் ஆஃப்டர்கூலரை சர்வீஸ் செய்தபின் கசிவு இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

ஆஃப்டர்கூலர் என்பது, டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) அனுப்பும் சூடான காற்றைக் குழாய்களில் ஓடும் கடல்நீரால் குளிர்விக்கும் பாகம். மாட்டிய பிறகு இன்ஜினை ஓட்டிப் பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நல்ல லோடில் ஓடும்போது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் பெரும்பாலும் கடல்நீர் அழுத்தத்தைவிட அதிகம். குழாயில் சிறு ஓட்டை இருந்தால் காற்றுதான் நீருக்குள் போகும், வெளியே எதுவும் தெரியாது. வம்பு இன்ஜினை நிறுத்தியபின்தான். உள்ளே தேங்கிய உப்புநீர் சொட்டுச் சொட்டாகக் காற்றுப் பக்கம் இறங்கும், அங்கிருந்து வால்வு, சிலிண்டர் வரை போகும்.

அதனால் பெஞ்சில் வைத்தே சோதியுங்கள். நீர்ப் பக்கத்தின் இரு வாய்களையும் அடைத்து, ரெகுலேட்டர் வழியாக மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். எவ்வளவு அழுத்தம் என்பதை உங்கள் இன்ஜின் மேனுவல் சொல்லும், அதைத் தாண்ட வேண்டாம். காற்றை அடைத்துவிட்டு, முடிந்தால் ஒரு இரவு முழுக்க விடுங்கள். வெப்பநிலை மாறினாலே அழுத்தமானியின் முள் கொஞ்சம் அசையும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தெளிவாக இறங்கினால் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

கோர், அதாவது கூட்டுக்குள் இருக்கும் குழாய்களும் ஃபின்களும் (மெல்லிய உலோகத் தகடுகள்) சேர்ந்த தொகுதி. அதை மட்டும் தனியாகச் சோதிப்பது பாதி வேலைதான். முழுதாகப் பூட்டியபின் இன்னொரு முறை செய்தால்தான் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிவது தெரியும்.

சுத்தம் செய்யும்போது ஃபின்களில் படிந்த எண்ணெய்க்கு டிகிரீஸர், குழாய்க்குள் படிந்த உப்புக்கல்லுக்கு மிதமான ஆசிட். கூடு அலுமினியம் என்றால் காஸ்டிக் சோடா பக்கமே போகாதீர்கள், அரித்துவிடும். பூட்டும்போது புது ஓ-ரிங் போட்டு, கோரும் கூடும் தொடும் இடமெல்லாம் நீர் புகாத கிரீஸ் தடவுங்கள். இதைத் தவிர்த்தால் இரண்டு உலோகமும் அரித்து ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை கழற்றச் சுத்தியல்தான் எடுக்க வேண்டியிருக்கும்.