ஒன்பதாம் வகுப்பு மகளைப் பள்ளியின் இண்டோர் பெர்கஷன், கலர் கார்டு குழுவில் சேர்க்கலாமா?

உங்கள் மகள் டிரம்மும் தொட்டதில்லை, நடனமும் பழகியதில்லை, ஆனால் பள்ளியில் குளிர்காலக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். இண்டோர் பெர்கஷன் என்றால் ஜிம்முக்குள் டிரம் போன்ற தாள வாத்தியங்களை வாசித்தபடி நடத்தும் நிகழ்ச்சி, கலர் கார்டு என்றால் இசைக்குக் கொடி சுழற்றி ஆடும் குழு. நாங்கள் இருப்பது டெக்சஸில். என் மகன் நான்கு வருடம் பெர்கஷனில் இருந்தான், மகள் மூன்று வருடம் கார்டில் இருந்தாள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் சேர்ப்பதற்கு முன் வீட்டில் எல்லோருக்கும் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். கூடைப்பந்து மாதிரி இதில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாற்று ஆள் கிடையாது.

பேஸ் டிரம்மை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். ஐந்து பிள்ளைகள் ஐந்து அளவு டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். வேகமாக ஓடும் ஒரே வரியை ஐந்து பேரும் பிரித்துக்கொண்டு வாசிப்பார்கள். நம் ‘தகதிமி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ‘த’ ஒருவருக்கு, ‘க’ அடுத்தவருக்கு, ‘தி’ மூன்றாமவருக்கு, ‘மி’ நான்காமவருக்கு. முதல் வருடம் ஓர் இடத்தில் என் மகன் பங்குக்கு வந்தது அந்த ‘தி’ மட்டும்தான். சாப்பாட்டு மேஜையில் ரப்பர் பேடை வைத்து, தாள வேகத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை ஓடவிட்டு, மற்ற மூன்றையும் வாயால் சொல்லிக்கொண்டே தன்னுடைய ஒரே அடியை அடித்துக்கொண்டிருப்பான். இரண்டு வருடம் மிருதங்கம் கற்றவன், லயத்தில் குறையில்லை. தன் முறை வரும்வரை கை பதறாமல் காத்திருப்பதுதான் அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

அந்தப் பருவத்தில் ஒரு சனிக்கிழமை, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அன்றைய ஒத்திகையின் வீடியோவை இரவு அவன் நண்பன் அனுப்பியிருந்தான். காரின் பின் இருக்கையில் அதைப் போட்டுக் கேட்டான். ‘தக… மி, தக… மி’ என்று நடுப்பல் விழுந்த வாய் போல ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஓர் ஓட்டை. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒத்திகை நாளில் நான் வேறு எதையும் ஒப்புக்கொண்டதில்லை. பரதநாட்டிய வகுப்பு, தமிழ்ப் பள்ளி, பொங்கல் விழா எல்லாம் இந்த அட்டவணையோடு மோதும். முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெர்கஷனா, கார்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக இரண்டும் தனித்தனிக் குழுக்கள், தனித்தனி நிகழ்ச்சிகள். உங்கள் பள்ளியில் எப்படி என்று விசாரியுங்கள். பெர்கஷனில் டிரம் மாட்டிக்கொண்டு நடப்பவர்களை பேட்டரி என்பார்கள். கோலால் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா, வைப்ரஃபோன், அப்புறம் கீபோர்டு எல்லாம் முன்வரிசையில் ஒரே இடத்தில் நிற்கும், அது பிட். மகள் பியானோ வாசித்திருந்தால் பிட் கை கொடுக்கும். பிஞ்சுத் தோள் என்றால் எடை தூக்கவும் வேண்டாம்.

எதுவுமே தெரியாத பிள்ளைக்கு நான் கார்டைத்தான் சொல்வேன். எங்கள் பள்ளியில் பாதிப் பேர் அங்கே வந்துதான் முதன்முதலில் கொடியைத் தொட்டார்கள். பதிவுசெய்த இசைக்கு நடனம், ஆறடிக் கம்பில் கொடி, பிறகு ரைஃபிள், சேபர் என்கிற வாள். ரைஃபிள் என்றதும் என்னைப் போலப் பதறாதீர்கள். 36 முதல் 39 அங்குலம் வரை நீளமுள்ள மரக்கட்டை அது, சுடாது. ஆனால் கை வலிக்கும். ஜனவரிக் குளிரில் என் மகள் கொல்லைப்புறத்தில் நின்று அதைச் சுழற்றி மேலே வீசுவாள். கீழே வரும்போது இரண்டு உள்ளங்கையிலும் ‘பட்’டென்று ஒரே சத்தமாக விழவேண்டும். ‘பட்-பட்’ என்று இரண்டாகக் கேட்டால் ஒரு கை முந்திவிட்டது என்று அர்த்தம். அடுப்படியில் நின்றபடியே எனக்கு அந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டது. எட்டுப் பேர் சேர்ந்து வீசிப் பிடிக்கும்போதும் அந்த ஒரே ‘பட்’தான் கேட்கவேண்டும். அது முதல்முறை கேட்ட அன்று ஜிம்மில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

போட்டிகளை நடத்தும் பெரிய அமைப்பு டபிள்யூ.ஜி.ஐ. (வின்டர் கார்டு இன்டர்நேஷனல்). 1977-ல் கலர் கார்டுக்காகத் தொடங்கியது, 1993-ல் பெர்கஷனும் சேர்ந்தது. இது தவிர அந்தந்த வட்டாரத்துக்கென்று தனி அமைப்புகளும் உண்டு. குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு பள்ளி ஜிம்மில் போட்டி இருக்கும். இறுதிச் சுற்று ஏப்ரலில், ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில். பள்ளிக் குழுக்கள் ஏ, ஓபன், வேர்ல்டு என்று தரம் பிரிக்கப்படும். புதிய குழுக்கள் பெரும்பாலும் ஏ-யில்தான் தொடங்கும்.

நிகழ்ச்சி ஐந்தாறு நிமிடம்தான். ஆனால் தரைவிரிப்பை உள்ளே கொண்டுவந்து விரிப்பது, ஆடுவது, மடித்து வெளியேற்றுவது எல்லாமே குறித்த நேரத்துக்குள் முடியவேண்டும், மீறினால் மதிப்பெண் வெட்டு. ஜிம் தரை முழுவதையும் மூடும் அந்த வினைல் விரிப்பு லேசானதல்ல. விளிம்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஓடிவருவது அப்பாக்களும் அம்மாக்களும்தான். உங்களையும் கூப்பிடுவார்கள், போங்கள். பிள்ளைகள் பேசிக்கொள்வதெல்லாம் அங்கேதான் காதில் விழும்.

சேர்க்கும் முன் பயிற்சியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டியவை: முழுப் பருவத்துக்கான தேதிகள், மொத்தக் கட்டணம், உடையும் காலணியும் வெளியூர்ப் பயணமும் அதில் அடக்கமா என்பது. தவணையில் கட்டலாமா, உதவித்தொகை உண்டா என்று கேட்கத் தயங்காதீர்கள். எங்கள் பேண்ட் பெற்றோர் சங்கம் சத்தமில்லாமல் பலருக்கு உதவியிருக்கிறது. பெர்கஷன் என்றால் காதடைப்பான் கட்டாயம். நான்கு சுவருக்குள் ஸ்னேர் என்கிற டிரம் வரிசையின் சத்தம் காதை உண்மையிலேயே கெடுக்கும், மகள் வேண்டாமென்றாலும் விடாதீர்கள்.

குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முன் பெரும்பாலும் சில நாள் இலவசப் பயிற்சி நடக்கும். அதற்கு ஒரு நாள்கூடத் தவறாமல் அனுப்புங்கள். நான் பார்த்தவரை, முதல் நாளே நன்றாகச் செய்த பிள்ளையைவிட, திருத்தம் சொன்னதும் அடுத்த முறை மாற்றிச் செய்து காட்டிய பிள்ளையைத்தான் எடுத்தார்கள். முடியை இறுக்கிக் கட்டிவிடுங்கள், நிறையத் தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள். திரும்பி வந்ததும் உள்ளங்கை சிவந்திருந்தால் பயப்பட வேண்டாம், ஐஸ் வைத்தால் போதும்.