காந்தம் ஒட்டுகிறதா? அலங்கார ரிவால்வர் கேள்வி-பதில்

பழைய கருமருந்து ரிவால்வர்களின் அலங்கார நகல்களைப் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். படிக்கும் முன் குளிர்பதனப் பெட்டிக் கதவில் இருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, அமெரிக்க இணையக் கடை ஒன்றில் கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி ரிவால்வர் பார்த்தேன். 'லைசென்ஸ் தேவையில்லை, வீட்டுக்கே வரும்' என்று போட்டிருக்கிறார்கள். ஆர்டர் போடலாமா? (ஈசூன் வாசகர்)

வேண்டாம் தம்பி. அந்த வரி அமெரிக்காவில் இருப்பவருக்காக எழுதியது. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கிகளையும், அதே முறையில் இன்று செய்யும் கருமருந்து ரிவால்வர்களையும் அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் சாதாரணத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால்தான் அங்கே அவ்வளவு சுலபம். நம் சிங்கப்பூரில் அந்தக் கணக்கு செல்லாது.

'ரெப்ளிகா' என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளுக்கும் போட்டு விற்பதுதான் குழப்பத்துக்கு வேர். இத்தாலியில் உபெர்ட்டி, பியெட்டா போன்ற நிறுவனங்கள் செய்யும் நகல் எஃகால் ஆனது, சுடும். சிங்கப்பூரில் அது துப்பாக்கியேதான். சட்டவிரோதமாக வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. நீங்கள் தேடுவது இன்னொரு வகை. ஸ்பெயினின் மெனோர்கா தீவில் டெனிக்ஸ் நிறுவனம் செய்வது போல, துத்தநாகக் கலவையில் வார்த்த, சுடவே முடியாத அலங்காரப் பொருள்.

அதையும் கேட்காமல் வரவழைக்காதீர்கள். 'டாய் என்று எழுதி அனுப்பிவிடுகிறேன்' என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். பொம்மைத் துப்பாக்கியும் இங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில்தான் இருக்கிறது. வாள், ஈட்டி, கிரிஸ் கத்தி எல்லாம் அதற்குத் துணை. பொருளின் படம், எதனால் செய்தது, விசை அசையுமா, குழல் அடைத்திருக்கிறதா என்ற விவரங்களோடு காவல்துறையின் உரிமப் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். பதில் கையில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது கோல்ட்டா, ரெமிங்டனா? பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறதே. (பொங்கோல் வாசகி)

சிலிண்டருக்கு, அதாவது குண்டுகள் இருக்கும் சுழல் உருளைக்கு, மேலே பாருங்கள். அங்கே உலோகப் பாலம் ஒன்று போனால் ரெமிங்டன் பாணி. மேலே திறந்து கிடந்தால் கோல்ட். கோல்ட் 1851இல் குழலையும் உடலையும் பிடித்து வைத்திருப்பது பக்கவாட்டில் அடித்த ஒரு சின்ன ஆப்புதான். நம் வண்டிச் சக்கரத்துக் கடையாணி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கோணக் குழல் என்றால் 1851 நேவி; உருண்டைக் குழலும் அதன் கீழே வழுவழுவென்று வளைந்த பகுதியும் இருந்தால் பெரும்பாலும் 1860 ஆர்மி. 'ரெமிங்டன் 1858' என்ற பெயரை நம்பி வயதைக் கணக்குப் போடாதீர்கள். குழலில் பொறித்திருக்கும் 14 செப்டம்பர் 1858 என்பது காப்புரிமைத் தேதி. துப்பாக்கி பெருமளவில் வந்தது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது.

எனக்குப் பிடித்தது நேவியின் சிலிண்டர். அதைச் சுற்றி ஒரு கடற்சண்டை செதுக்கியிருக்கும்: டெக்சஸ் கடற்படையும் மெக்சிகோ கடற்படையும் கம்பேச்சே அருகே 16 மே 1843 அன்று மோதியது. என்னிடம் உள்ள நகலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், அச்சு தேய்ந்துபோய் இரண்டு கப்பல்களின் பாய்மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே புதர் மாதிரி தெரிகிறது. பாய்மரம் தனித்தனியாகத் தெரிகிற நகல் கிடைத்தால் விடாதீர்கள். நகலின் தரத்தை நான் அங்கேதான் பார்க்கிறேன். எடையிலோ பளபளப்பிலோ இல்லை.

உடல் முழுக்க மஞ்சளாக இருந்தால் இன்னொரு கதை. கோல்ட் நிறுவனம் நேவியின் உடலை இரும்பில்தான் செய்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களுக்கு நல்ல இரும்பு கிடைக்காமல் பித்தளைக்குப் போனார்கள். ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் ரிவால்வர் அப்படிப்பட்டது. மஞ்சள் உடலை வைத்துக்கொண்டு 'கோல்ட்' என்று அட்டை எழுதி ஒட்டாதீர்கள்.

இதில் நம் ஊருக்கும் ஓர் ஓரத்து இடம் உண்டு. ஜப்பானின் கதவைத் தட்டப் போன அமெரிக்கத் தளபதி பெரியின் கப்பல் 1853 மார்ச்சில் சிங்கப்பூரில் நின்று போனது. மறு ஆண்டு ஜப்பானியருக்கு அவர் கொடுத்த பரிசுகளில் கோல்ட் ரிவால்வர்களும் இருந்தன.

நகலின் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? (தோ பாயோ வாசகர்)

ஐயோ, வேண்டாம். நான் பட்டதைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தின நாள் குத்துவிளக்கு துலக்கிய கையோடு, மிச்சமிருந்த பித்தளைப் பாலிஷை என் முதல் நகலின் விசைக்காப்பில் (விசையைச் சுற்றியுள்ள வளையம்) போட்டுத் தேய்த்தேன். துணியில் கறுப்பு வந்தது, இன்னும் தேய்த்தேன். கால் மணி நேரத்தில் மஞ்சள் போய் சாம்பல் நிறம் பல்லிளித்தது. அது பித்தளையே இல்லை, மெல்லிய பூச்சு. இன்றும் அப்படியே வைத்திருக்கிறேன்.

நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். துத்தநாகம் அதில் வெள்ளையாகப் பூக்கும். உலர்ந்த மென்மையான துணியால் துடைத்துவிட்டு, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மிக மெல்லிசாகப் பூசினால் போதும். கேமரா வைக்கும் உலர்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஓக் மரப்பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். அந்த மரம் அசிட்டிக் அமில ஆவியை விடும். வினிகருக்குப் புளிப்பு தருகிற அதே அமிலம். மூடிய பெட்டிக்குள் துத்தநாகத்தை அது மெல்ல அரித்துவிடும்.

காலமான பெரியப்பாவின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்யும்போது துணிக்குள் ஒரு பழைய ரிவால்வர் கிடைத்தது. சுங்கை ரோடு சந்தையில் வாங்கியதாகச் சொல்வார். நகலா, உண்மையானதா? (அங் மோ கியோ வாசகி)

அம்மா, அதைத் தூக்கிப் பார்க்க வேண்டாம், விசையைத் தொட வேண்டாம். இருக்கிற இடத்திலேயே காந்தத்தைக் குழலின் பக்கவாட்டில் மெல்ல வையுங்கள். அலங்கார நகலில் திருகுகளிலும் சுருள்வில்லிலும் மட்டும்தான் ஒட்டும். குழலே காந்தத்தை இழுத்தால் அது இரும்பு. ஒட்டவில்லை என்பதற்காகவும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். நான் நேரில் பார்க்காத பொருளுக்குச் சான்று தர முடியாது.

எப்படியிருந்தாலும் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், என்ன செய்வது என்று அவர்களே சொல்லட்டும். பையில் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் காவல் நிலையத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். நூறாண்டுக்கு மேல் பழையது என்றாலும் உள்ளே கருமருந்து கிடக்கலாம், கெட்டுப்போயிருக்கும் என்று நம்ப முடியாது. அந்தச் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது, விற்றவரைத் தேடிப் போய்க் கேட்கவும் வழியில்லை.

சின்னச் சின்னக் கேள்விகள்

விலை ஏறுமா? ஏறாது. இன்றும் அச்சில் வார்த்துக்கொண்டே இருக்கும் பொருள்.

ஜோகூர் பாருவில் நண்பருக்குக் காட்ட எடுத்துப் போகலாமா? படம் எடுத்து அனுப்புங்கள்.

வரவேற்பறைச் சன்னலோரம் மாட்டலாமா? எதிர் புளோக்கில் இருப்பவருக்குத் தெரிவது ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான். உள்சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டுங்கள்.

பேங்காக்கில் ரிவால்வர் வடிவ சிகரெட் லைட்டர் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கி வரலாமா? அதற்கு அனுமதி கேட்கும் வேலையே இல்லை. துப்பாக்கி வடிவ லைட்டர், சூயிங் கம், பட்டாசு எல்லாம் சுங்கத் துறையின் ஒரே தடைப் பட்டியலில் இருக்கின்றன. கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.